ஞெபி நாளில் நின்றுபோன நகல்

காலை ஐந்து ஐம்பத்தெட்டுக்கு ரெஸ்மினியின் மடிக்கணினி சொன்னது, நகல் முடிய இன்னும் நான்கு நிமிடம். ஆறு மணிக்கு அதே மடிக்கணினி சொன்னது, இன்னும் பதினோரு மணி நேரம். இந்தச் சாதனங்களுக்கு நேரம் பார்க்கக் கற்றுக்கொடுத்த புண்ணியவானை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும்.

ஆறு மணியோடு ஞெபி என்கிற மௌனப் புத்தாண்டு பிறந்துவிட்டது. இனி மறுநாள் காலை ஆறு வரை பாலித் தீவில் விளக்கு எரியக்கூடாது, அடுப்பு மூட்டக்கூடாது, வாசல் தாண்டக்கூடாது, எந்த வேலையும் கூடாது. பேச்சுக்கூடக் கிசுகிசுப்புதான். வருஷத்தில் 364 நாள் மாடாய் உழைக்கிற ரெஸ்மினிக்கு வழக்கமாக இது இனிக்கிற நாள். இந்த வருஷம் இனிக்கவில்லை.

அவள் கெபாயா ரவிக்கைகளுக்குப் பூவேலை செய்து கொடுப்பவள். கணினியில் பூவை வரைந்தால் தையல் மெஷின் அதைத் துணியில் போட்டுவிடும். பதினோரு வருஷத்துப் பூக்கள், கொடிகள், தைத்துப் போட்டவர்களின் படங்கள் எல்லாம் அந்த ஒரே மடிக்கணினியில். அதைப் பார்த்த ரிப்பேர்க்காரர் உதட்டைப் பிதுக்கினார். "மூச்சு இழுத்துக்கிட்டிருக்கும்மா. எல்லாத்தையும் ஒரு வெளி டிஸ்க்குல ஏத்திடுங்க. நடுவுல அணைச்சுடாதீங்க, மறுபடி கண்ணு முழிக்காது." நேற்று மதியமே ஆரம்பித்துவிட்டாள். நான்கு மணி நேரம் என்றுதான் அப்போதும் சொன்னது.

"ஊருக்கே இது கேக்குதுடி," என்று கிசுகிசுத்தான் புருஷன் அர்சானா. உண்மைதான். ஒரு மோட்டார் சைக்கிள்கூட ஓடாத காலையில் மடிக்கணினியின் விசிறி வண்டு மாதிரி ரீங்கரித்தது. டிஸ்க்கின் நீல விளக்கு வேறு விட்டுவிட்டு மின்னியது.

"நான் என்ன வேலையா செய்யறேன் ப்ளி? அதுதான் செய்யுது. நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்," என்றாள் ரெஸ்மினி. புருஷனை அவள் ப்ளி என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏர்ல மாட்டைப் பூட்டி விட்டுட்டு, மாடுதான் உழுது, நான் சும்மா இருக்கேன்னு சொல்லுவியா?"

"அப்படின்னா ஃப்ரிட்ஜ்? அதுவும்தான் ராத்திரி பகலா உழைக்குது. போய் நிறுத்து."

அர்சானா ஃப்ரிட்ஜைப் பார்த்தான். மடிக்கணினியைப் பார்த்தான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. வித்தியாசம் இருக்கிறது என்று மட்டும் தோன்றியது. கடைசியில் இடுப்பில் சுற்றும் சரோங் ஒன்றை எடுத்து மடிக்கணினி மேல் போர்த்தினான். வெளிச்சம் மறைந்தது, ஆனால் மூடினதும் சூடு ஏறி விசிறி இன்னும் பலமாகக் கத்தியது. சரோங்கை எடுத்தான். சத்தம் குறைந்தது, வெளிச்சம் வந்தது. மறுபடி போர்த்தினான்.

"என்ன ப்ளி, காய்ச்சல்காரனுக்குப் போர்வை போடறியா? வெந்து செத்துடும்! எடு!"

ஏழு மணிக்கு 'டிங்' என்று ஒரு சத்தம். நீல விளக்கு நின்றுவிட்டது. முடிந்தது என்று ரெஸ்மினி பாய்ந்து போய்ப் பார்த்தாள். முடியவில்லை. பாதியில் நின்றுகொண்டு அது கேள்வி கேட்டது. 'நெங்கா லாத்ரா வீட்டுக் கல்யாணம்' என்ற பெயரில் டிஸ்க்கில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது. அதை அழித்துவிட்டு இதை வைக்கவா? அல்லது இதை விட்டுவிடவா?

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. பெண்ணின் ரவிக்கைக்கு முதலில் செண்பகப் பூ வரைந்தாள். பெண்ணின் அம்மா ரெனிங்கிடம் காட்ட அதை மட்டும் இந்த டிஸ்க்கில் போட்டுக்கொண்டு போனாள். ரெனிங் உதட்டைச் சுழித்தாள். "செண்பகமா? கிழவி போடற மாதிரி இருக்கு." பிறகு பதினாறு நாள் கண் வலிக்க உட்கார்ந்து அதே பெயரில் தாமரை வரைந்தாள். அந்தத் தாமரை இந்த உலகத்தில் இந்த ஒரு மடிக்கணினியில்தான் இருக்கிறது. அதுவோ இப்போது கேள்விக்குப் பதில் வராமல் சூடாகிக்கொண்டே நிற்கிறது.

ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். அவள் விரல் நீண்டது.

"அழுத்தினா அது வேலை," என்றான் அர்சானா. "இது மாடு இல்ல. இது நீ."

விரல் அந்தரத்தில் நின்றது. பதினோரு வருஷத்தில் ஞெபி அன்று ஒரு ஊசியைக்கூட அவள் தொட்டதில்லை. அதற்காக எல்லாவற்றையும் சாகக் கொடுப்பதா? அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் கட்டம் போட்ட வேட்டி தெரிந்தது. ஊர்க்காவல் பெச்சாலாங் ஒருவர். ஒருவர் என்ன, சாட்சாத் அந்த நெங்கா லாத்ராவேதான். பெண்ணைப் பெற்றவர்.

"என்னப்பா இது, வீட்டுக்குள்ள வண்டு வளக்கறீங்களா? முக்கு வரைக்கும் கேக்குது!" என்று மீசைக்குள்ளேயே அதட்டினார்.

ரெஸ்மினி 'பாக்' என்று மரியாதையாகக் கூப்பிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். லாத்ரா கேட்டுக்கொண்டே தலையைச் சொறிந்தார். அணைக்கச் சொன்னால் மகள் கல்யாண ரவிக்கை போச்சு. ஓடட்டும் என்றால் காவலுக்கு வந்தவர் என்ன காவல் காத்தார்? அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"பாக், இன்னைக்கு ஊர்ல வேலை செய்யலாம்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான்," என்றாள் ரெஸ்மினி. "நீங்க நடக்கலாம், டார்ச் அடிக்கலாம். நீங்களே அழுத்துங்க."

"அடியே, மத்தவன் வேலை செய்யாம பாத்துக்கறதுதான்டி என் வேலை!"

"சரி, இந்த மெஷினும் வேலை செய்யாம நிக்குது. முடிச்சு வச்சா சத்தம் நிக்கும். சத்தத்த நிறுத்தறது உங்க வேலைதானே?"

லாத்ரா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"டிஸ்க்குல இருக்கறது போன அக்டோபர் மாசத்துதுன்னு போட்டிருக்கு. கம்ப்யூட்டர்ல இருக்கறது ரெண்டாயிரத்து ஒம்பது ஜனவரி ஒண்ணு. அப்போ இதுதான பழசு? பழசைக் கொண்டுபோய் புதுசு மேல போடச் சொல்றியே!"

"ஐயோ, இதோட கடிகாரம் போன மாசமே செத்துப்போச்சு பாக். எதைச் செஞ்சாலும் ரெண்டாயிரத்து ஒம்பதுதான். பழசுன்னு போட்டிருக்கே, அதுதான் புதுசு."

"புதுசுன்னு போட்டிருக்கறது?"

"அது பழசு."

லாத்ரா அர்சானாவைப் பார்த்தார். அர்சானா கூரையைப் பார்த்தான். ரெஸ்மினிக்கே ஒரு கணம் தலை சுற்றியது. தாமரையைச் சேமித்தது கடிகாரம் செத்த பிறகுதானே? முன்பா?

"அழிச்சுட்டு வைன்னு அழுத்துங்க பாக்," என்று கெஞ்சினாள். "செண்பகத்தைத்தான் உங்க வீட்டுக்காரம்மா வேண்டாம்னுட்டாங்களே. சனியன், ஒழியட்டும்!"

வீட்டுக்காரம்மா என்றதும் லாத்ராவின் விரல் நின்றது. மெதுவாகக் கீழே இறங்கியது. "மூணாவதா ஒண்ணு இருக்கே. ரெண்டும் இருக்கட்டும்னு."

"அது வேண்டாம், குழப்பம் வரும்! எது எதுன்னே தெரியாது!"

அவர் அதையே அழுத்திவிட்டார். நீல விளக்கு மறுபடி மின்னியது. "அவ்வளவுதான். நான் இந்தப் பக்கம் வரவே இல்ல," என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

பத்து மணி சுமாருக்கு விசிறி ஒரு முறை முனகிவிட்டு நின்றது. திரை கறுத்தது. முடித்துவிட்டுச் செத்ததா, செத்ததால் முடிந்ததா, யாருக்குத் தெரியும்? பார்க்கவும் வழியில்லை. மனதை வெறுமையாக வைத்துக்கொள்ள வேண்டிய நாளில் ரெஸ்மினியின் மனது முழுக்கத் தாமரைதான். பட்டினியோடு பாயில் புரண்டாள். அந்த மனுஷன் சொல்லச் சொல்ல ஏன் மூன்றாவதை அழுத்தினார் என்று நினைத்து நினைத்து எரிச்சல் பட்டாள்.

மறுநாள் காலை ஆறு அடித்ததும் அர்சானா அடுத்த தெருப் பூவேலைக் கடைக்கு ஓடி ஒரு கணினியை இரவல் வாங்கி வந்தான். டிஸ்க்கைச் செருகும்போதே லாத்ரா வந்துவிட்டார். பின்னாலேயே ரெனிங்.

எல்லாம் இருந்தது. பதினோரு வருஷமும் கடைசிக் கொடி வரை இருந்தது. ரெஸ்மினி வாய்விட்டு அழுதுவிட்டாள். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள், ஒன்றின் வாலில் மட்டும் ஒரு 2. எது எதுவென்று தெரியாமல் இரண்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் செண்பகம், ஒன்றில் அவளுடைய பதினாறு நாள் தாமரை.

ரெனிங் குனிந்து பார்த்தாள். தாமரையில் அவள் கண் நிற்கவே இல்லை. செண்பகத்தின் மேல் விரலை வைத்தாள். "ஆகா, இதை எப்ப போட்ட? இத்தன நாளா ஏன் காட்டல? இதுதான். இதையே தெச்சுடு."

"அக்கா, இது நீங்க..." என்று ஆரம்பித்தாள் ரெஸ்மினி. அந்த டிஸ்க்கைத் தூக்கி ரெனிங்கின் தலையில் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

ரெனிங் நூல் நிறம் பார்க்க உள்ளே போனதும் லாத்ரா காதோரம் வந்தார். "இருபத்தேழு வருஷமா அவளோட குடித்தனம் பண்றேன். அவ வேண்டாம்னு சொன்ன எதையும் நான் தூக்கிப் போட்டதே இல்ல தாயி."

ரெஸ்மினி தன் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். நேற்றுக் காலை ஏழு மணிக்கு அது பொத்தானுக்கு ஒரு அங்குலம் மேலே நின்றது. வேறு எந்த நாளாக இருந்திருந்தாலும் அழுத்தியிருப்பாள், செண்பகம் அழிந்திருக்கும்.

மெஷினில் நூலைக் கோத்துவிட்டு, இரண்டு பூக்களுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தாள். கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. தாமரையை அவள் அழிக்கவில்லை.