வில்லன் கழுத்தில் ஒரு மாலை

கூத்தில் நல்லவர்களை எனக்குப் பிடிக்காது. இது ஊருக்கே தெரியும், நானும் மறைத்ததில்லை. ஹீரோ என்ன செய்கிறான்? நாட்டைத் தொலைத்துவிட்டுக் காட்டுக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்து அழுகிறான். ஒரு முனிவர் வந்து வாளைக் கொடுக்கிறார். தூங்கும்போது தேவதை வந்து வழி சொல்கிறது. வில்லனுக்கு யார் என்ன கொடுத்தார்கள்? திட்டம் போடுவது, ஆள் சேர்ப்பது, கோட்டைக்குத் தீ வைப்பது, எல்லாம் அவன் தலையில்தான். நான் விடியுமுன் எழுந்து மீன் கழுவுகிறவள். உழைக்கிறவன் பக்கம்தான் நிற்பேன்.

தாய்லாந்தில் அங் தோங் ஊர்க் கோயில் வாசலில் கெளுத்தி சுட்டு விற்கிறேன். வருஷா வருஷம் திருவிழாவுக்குச் சங்வான் அம்மாவின் லிக்கே கூத்துக் குழு வந்து மேடை போடும். அந்தக் குழுவின் வில்லன் தவின். புருவத்தை நெற்றி வரைக்கும் ஏற்றி வரைந்துகொண்டு அவன் ஒரு சிரிப்புச் சிரித்தால், முன்வரிசைக் குழந்தைகள் பாய்க்கு அடியில் நுழைந்துகொள்ளும். வேஷத்தைக் கலைத்தால் பூனைக்குக்கூட ஒதுங்கி வழிவிடுகிற மனுஷன்.

இந்த வருஷம் முதல் நாள் மதியம் கடைக்கு வந்தவன், தட்டில் வைத்த மீனைத் தொடவே இல்லை.

"என்ன தம்பி, கருக்கிட்டேனா?"

"இல்ல லம்துவன் அக்கா. இந்தத் திருவிழாவோட என் வில்லன் வேஷம் முடிஞ்சுது. அப்புறம் நான் ஹீரோவாம்."

"யாரு சொன்னா?"

"சங்வான் அம்மாதான். இப்ப இருக்கிற ஹீரோ கல்யாணம் கட்டிக்கிட்டு மாமனார் வீட்டோட போறான். எனக்குக் குரல் இருக்கு, நான்தான் போடணுமாம். முடியாதுன்னா வேற குழுவைப் பார்த்துக்கச் சொல்லுது."

"ஹீரோன்னா நல்லதுதானேன்னு எல்லாரும் சொல்லுவாங்களே?"

"எனக்கு அழ வராதுக்கா. வெள்ளைக் காலுறையை மாட்டிக்கிட்டு, காட்டுல நின்னு அரை மணி நேரம் அழுது பாடணும். சிரிச்சுருவாங்க. பல்லைக் கடிச்சு நின்னாத்தான் எனக்கு உசுரே வருது."

அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கையில் இருந்த இடுக்கியோடு மேடைக்குப் பின்னால் போனேன். சங்வான் அம்மா கண்ணாடி முன்னால் பவுடர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அவனை ஹீரோவாக்கினா உங்க கூத்து விளங்காது, சொல்லிட்டேன்."

"வாடி, வில்லனுக்கு வக்காலத்தா?" அவள் திரும்பவே இல்லை. "ரசிகருங்க போடுற மாலைக் காசுலதான் எங்க குழு சோறு திங்குது. இத்தனை வருஷத்துல வில்லன் கழுத்துல ஒரு மாலை விழுந்திருக்கா? ஊரைக் கூட்டிக் கத்துறியே, நீயாவது போட்டிருக்கியா?"

போட்டதில்லை. கோயில் மண்ணில் நின்று கெட்டவனுக்கு மாலை போட்டால் பாவம் ஒட்டும் என்று எங்கள் ஊரில் நினைப்பு. கைதட்டியிருக்கிறேன், விசில் அடித்திருக்கிறேன். மாலையோடு மேடைவரை போனதில்லை.

"இன்னிக்கு விழும் பாருங்க."

"விழட்டும். ஒண்ணுக்கு ரெண்டா விழுந்தா அவன் சாகுறவரைக்கும் வில்லனாவே இருக்கட்டும்."

கடையை மூடிவிட்டு மல்லிகை வாங்கிக் கட்டினேன். நடுவில் பண நோட்டு இல்லாமல் மாலையா? பாட் நோட்டுகளை விசிறி மாதிரி மடித்துக் குத்தினேன். என் நாத்தனார் வன்பென் எட்டிப் பார்த்தாள். ஹீரோவின் ரசிகைகளுக்கெல்லாம் அவள்தான் தலைவி.

"அட, கடைசியில நம்ம பக்கம் வந்துட்டியா அண்ணி?"

"உன் அழுமூஞ்சிக்கு இல்ல. தவினுக்கு."

"அண்ணி! உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா?"

சாயங்காலம் கூத்து தொடங்கியது. ஹீரோ வழக்கம்போல நாட்டைத் தொலைத்தான், காட்டுக்குப் போனான், அழுதான். வன்பென் கூட்டம் மாலை மாலையாகப் போட்டது. பிறகு தவின் வந்தான். வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஹீரோவின் அம்மாவைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து, கழுத்தில் கத்தியை வைத்தான். கூட்டம் மூச்சுவிடவில்லை. என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சந்தோஷத்தில் புத்தி போய்விட்டது. காட்சி முடியட்டும் என்று காத்திருக்காமல் மாலையோடு எழுந்து ஓடினேன்.

மாலையை நீட்டினால் நடிகன் எதைச் செய்துகொண்டிருந்தாலும் விட்டுவிட்டு வர வேண்டும். மேடை ஓரத்தில் மண்டியிட்டு, தலை குனிந்து வாங்கிக்கொண்டு, கைகூப்ப வேண்டும். ஹீரோவுக்கு அது அழகு. தவின் கிழவியை விட்டுவிட்டு வந்தான், கத்தியைக் கீழே வைத்தான், மண்டியிட்டான், கைகூப்பினான். நல்ல பிள்ளை மாதிரி இருந்தான். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

திரை ஓரத்தில் சங்வான் அம்மா உதட்டைப் பிதுக்கினாள். அவன் வேஷத்துக்குக் கொள்ளி வைத்தது நான்தான் என்று எனக்கு உறைத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தவின் எழுந்தான். கத்தியை எடுத்தான். மாலையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுக் கிழவியிடம் திரும்பினான்.

"பார்த்தியா? நீ ஒளிஞ்சிருந்த இடத்தை எனக்குக் காட்டிக் கொடுத்தவ இவதான். இந்த மீன்காரி. வேலைய முடிக்கச் சொல்லி மாலையும் போடுறா."

சிரிப்பு நின்றது. ஊர் மொத்தமும் என்னைப் பார்த்தது.

"அடிப்பாவி!" என்றது ஒரு குரல். ஒட்டரிசி உருண்டை ஒன்று வந்து என் முதுகில் பட்டது. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஆமா, நான்தான்! என்னங்கிற இப்ப?" என்று கத்தினேன். வேறென்ன செய்ய?

தவின் கத்தியை ஓங்கினான். கிழவி நிஜமாகவே அலறினாள். அப்போது என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு வன்பென் ஓடிவந்தாள், கையில் ஹீரோவுக்கென்று மிச்சம் வைத்திருந்த மாலையோடு.

"இந்தாடா படுபாவி, இதை வாங்கிக்க! பெத்தவளை விட்டுடு!"

தவின் இந்தத் தடவை மண்டியிடவில்லை. கத்தி முனையில் மாலையை வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தான்.

"ஒரு அம்மாவுக்கு இவ்வளவுதான் மதிப்பா இந்த ஊர்ல?"

அவ்வளவுதான். வன்பென் கூட்டம் திமுதிமுவென்று எழுந்தது. திட்டிக்கொண்டே போட்டார்கள், அழுதுகொண்டே போட்டார்கள். மூக்குவரை மாலை ஏறிய பிறகுதான் கிழவியை விட்டான்.

கூத்து முடிந்ததும் சங்வான் அம்மா என்னைத் தேடி வந்தாள். "ஹீரோவுக்கு மூஞ்சி போதும், எவனையாவது புடிச்சுக்கலாம்" என்றாள். அவளுக்குப் பின்னால் தவின் பூவை உதறிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தான். எனக்குத்தான் அழுகை வந்தது, அடக்கவில்லை.

மறுநாள் என் கடையில் ஒருத்தரும் மீன் வாங்கவில்லை. காட்டிக் கொடுத்தவள் கை மீனாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார்கள். சாயங்காலம் பாயை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போனால், வன்பென் எனக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தாள். என்னோடு பேசவில்லை. மடியில் ஒரு கூடை மாலை.

"அத்தனையும் யாருக்கு?"

"அந்தப் படுபாவிக்குத்தான்," என்றாள் மேடையைப் பார்த்தபடியே. "இன்னிக்கு நீ யாரைக் காட்டிக் கொடுக்கப் போறியோ."