கால்சட்டைப் பை

இடது கை இடம் தேடி அலைகிறது, வலது கை தன் வேலையில் இருக்கிறது, மீட்டர் வயரின் சிவப்பு முள்ளைப் பிடித்தபடி, முதுகைக் கழற்றிப் போட்ட டி.வி. பெட்டிக்குள் நிதானமாகப் போகிறது, இடது கைதான் முந்தானையைத் தொட்டு, இடுப்பைத் தொட்டு, மேசை விளிம்பைத் தொட்டு, கடைசியில் போக்கிடமில்லாமல் பெட்டியின் தகரச் சட்டத்தின் மேல் போய் உட்காருகிறது, எடு என்று சொல்ல வாயைத் திறந்தால் வாய் நிறையப் புத்தகத் தாள், ஈரத் தாள், துப்பவும் முடியவில்லை, இது கனவு என்று கனவிலேயே எனக்குத் தெரியும், ஆனால் தகரச் சட்டம் கனவில்லை, கையும் கனவில்லை, அது பிரமநாயகியின் கை, என் வீட்டுக்காரரின் தங்கை பிரமு, எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, பாளையங்கோட்டை வீட்டின் பின்கட்டில் எங்கள் கறுப்பு வெள்ளை டி.வி.யைக் குப்புறக் கிடத்திவிட்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம், வீட்டுக்காரர் பம்பாயில் இருக்கிறார், நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்று நாற்பது நாள் இழுத்தடித்த மெக்கானிக்கிடமிருந்து பிரமு சண்டை போட்டுப் பெட்டியை ரிக்‌ஷாவில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், அவன் மட்டும் என்ன வயித்துலயே படிச்சிட்டா வந்தான், புஸ்தகத்தப் பாத்து நாமளே பாப்போம் மதினி என்கிறாள், ஜங்ஷன் பழைய புத்தகக் கடையில் அட்டையில்லாத ஒரு தடித்த புத்தகம் கிடைக்கிறது, பிரமு ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் முடிப்பதற்குள் சோறு கொதித்துவிடும், எனக்கோ திருப்புளியைக் கையில் எடுத்தால் திருகாணி காணாமல் போய்விடும், அதனால் வாய் என்னுடையது, கை அவளுடையது, ஒரு வரி வாசிச்சா நிறுத்துங்க மதினி, கை போயிச் சேரட்டும், பொறவு அடுத்த வரிக்குப் போலாம் என்பாள், நான் நிறுத்துவேன், கை போய்ச் சேரும், ஈயம் உருகிப் புகையும், ஒட்டிக்கிட்டு, ம், வாசிங்க.

மூன்று மாதத்தில் எங்கள் பெட்டியில் படம் வந்தது, பிறகு எதிர்வீட்டுப் பெட்டி வந்தது, அப்புறம் தெருவே வந்தது, அந்த நாட்களில் எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது, அதனால்தான் நான்காம் பாடத்தின் அந்த வரியில் சிரித்தேன், என் கண் எப்போதும் வாய்க்கு ஒரு வரி முன்னால் ஓடும், மின்சாரம் ஓடும் பெட்டியில் வேலை செய்யும்போது இடது கையைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்ளவும் என்று புத்தகத்தை எழுதினவர் சொல்லியிருந்தார், கால்சட்டை, நாங்கள் ரெண்டு பேரும் நைந்த நூல் சேலையில் உட்கார்ந்திருக்கிறோம், என்ன மதினி சிரிக்கிய என்றாள், ஒண்ணுமில்லட்டி, நமக்கு வேண்டாத வரி என்று தாண்டிப் போய்விட்டேன், ஏன் என்று அதற்கு அடுத்த வரியில் எழுதியிருந்தது, அதையும் சேர்த்துத்தான் தாண்டினேன். ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணி, பக்கத்துத் தெரு டீச்சர் வீட்டுப் பெட்டி, ஓடவிட்டு அளந்தால்தான் பழுது தெரியும், வலது கையில் முள், இடது கை தகரச் சட்டத்தில், பிரமு கத்தவில்லை, தொண்டைக்குள் ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான், உடம்பு விறைத்து நிற்கிறது, நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, பக்கம் தவறிப்போகாமல் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதன் பிறகுதான் பிளக்கைப் பிடுங்கினேன், அந்தக் கவிழ்த்து வைத்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு கையில் ஏறின கரண்டு நெஞ்சு வழியாப் போயி மறு கையில இறங்கியிருக்கும்மா, உயிர் தப்பினதே பெருசு, அந்தக் கையை எங்கயாச்சும் ஒதுக்கி வச்சிருக்கலாம்லா என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர், கரண்டு சுட்ட புண் ஆறியபோது இடது கையின் கடைசி இரண்டு விரலும் உள்ளங்கையோடு மடங்கி நின்றுவிட்டன, பம்பாயிலிருந்து வந்த வீட்டுக்காரர் புஸ்தகத்துல இதெல்லாம் போடலையா என்று என்னைப் பார்த்துக் கேட்டார், படுக்கையிலிருந்து பிரமு முந்திக்கொண்டாள், மதினி எல்லாம் வாசிச்சுத்தான் சொன்னாவ, நான்தான் கவனிக்கல, நான் பேசாமல் இருந்தேன், பதினோரு வருஷம் பேசாமல் இருந்தேன், அதற்குள் அவள் எட்டு விரலால் வேலைக்குப் பழகிவிட்டாள், முன்னைவிட நன்றாகவே செய்தாள், அதுவும் எனக்கு வசதியாகப் போயிற்று.

பதினோராவது வருஷம் பெண்களுக்கான தொழிற்பயிற்சி மையம் ஒன்றில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை கிடைக்கிறது, பாடம் எனக்கு, செய்முறை அவளுக்கு, பதினான்கு பெண்கள், நான்காம் பாடம் வந்துவிடக் கூடாது என்று வாரக்கணக்கில் ரெசிஸ்டரின் நிறக்கோடுகளையே திரும்பத் திரும்ப நடத்துகிறேன், கோடு எல்லாம் கனவுல வருது மிஸ் என்று ஜெசிந்தா என்ற பெண் சலித்துக்கொள்கிறாள், அவள்தான் ஒரு நாள் ஓடாத பெட்டி ஒன்றில் பழகும்போது இடது கையைத் தகரச் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு நிற்கிறாள், பிரமு அந்தக் கையைப் பார்க்கிறாள், பிறகு என்னைப் பார்க்காமலேயே, மதினி, நாலாவது பாடத்த எடுங்க என்கிறாள், அதே அட்டையில்லாத புத்தகம், அதே பக்கம், வாசிக்கிறேன், கால்சட்டைப் பை வரைக்கும் வாசிக்கிறேன், அடுத்த வரியையும் வாசிக்கிறேன், பெண்கள் சிரிக்கிறார்கள், நான் சிரித்த அதே சிரிப்பு, சிரிப்பு அடங்கியதும் சொல்லிவிட்டேன், இந்த ரெண்டு வரியயும் அன்னைக்கு நான் வாசிக்கல பிரமு, வேணும்னுதான் தாண்டினேன். பிரமு ஒரு சர்க்யூட் பலகையின் தூசியை ஊதிக்கொண்டிருந்தாள், ஊதி முடித்தாள், வாசிச்சிருந்தா மட்டும் கையக் கொண்டு எங்க வச்சிருப்பேன், சேலையில பையா இருக்கு என்றாள், மன்னித்தாளா, குத்தினாளா, குரலில் ஒன்றும் தெரியவில்லை, சாயங்காலம் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இடமிருந்தும் இரண்டு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் ஒரு மஞ்சள் பையோடு வருகிறாள், உள்ளே காடாத் துணியில் தைத்த சின்னச் சின்னப் பைகள், இடுப்பில் நாடாவால் கட்டிக்கொள்ளும்படி, இடது பக்கம் தொங்கும்படி, பதினைந்து இருக்கின்றன, பெண்களுக்குக் கொடுத்துவிட்டு மிஞ்சிய ஒன்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொள்கிறாள், எனக்கு இல்லையாட்டி என்று கேட்கிறேன், ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, உங்களுக்கு எதுக்கு, புஸ்தகம் பிடிக்க ரெண்டு கையும் வேணும்லா என்கிறாள், பிறகு என் முகத்தைப் பார்த்து, எல்லா வரியும் வாசிங்க மதினி, வேணுமா வேண்டாமான்னு நாங்க பாத்துக்கிடுதோம். பெட்டியின் முதுகு கழன்று கிடக்கிறது, பிளக் செருகியாகிவிட்டது, மடங்கிய இரண்டு விரல்களும் முதலில் பைக்குள் நுழைகின்றன, பின்னால் மற்ற விரல்கள், இடது கை அங்கேயே அசையாமல் இருக்கிறது, வலது கை சிவப்பு முள்ளோடு உள்ளே போகிறது, என் வாயில் தாள் எதுவும் இல்லை, ஒரு வரி வாசித்து நிறுத்துகிறேன், கை போய்ச் சேருகிறது, ம், வாசிங்க.