ஐந்து மாடு, ஒரு ஆடு, தொண்ணூற்று நாலு கோழி

பதினாலு வருஷமா இந்தப் பண்ணைக்கு ஆடு, மாடு, கோழியெல்லாம் சந்தையில பிடிச்சிட்டு வர்றவ நான். தினக்கூலி. மாட்டோட பல்லைப் பார்த்தே வயசைச் சொல்லிடுவேன். ஆனா வேலை நிரந்தரமாகணும்னா பரீட்சை எழுதணுமாம், புது மேனேஜரோட கண்டுபிடிப்பு. பாஸானா மாசச் சம்பளம், இல்லைன்னா வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். இருக்கிறது ஒரே இடம். போட்டிக்கு யாருன்னு பார்த்தா, மேனேஜரோட மச்சான். ஆடு பக்கத்துல வந்தாலே தும்முற ஆளு.

தீவனக் கிடங்குல மூட்டைகளைத் தள்ளிவிட்டு ரெண்டு மேசை போட்டாங்க. ஒரே ஒரு கேள்வி. மாடு பத்து காசு, ஆடு மூணு காசு, கோழி அரைக் காசு. நூறு காசுக்குச் சரியா நூறு உருப்படி வாங்கணும், மூணுலயும் ஒண்ணாவது இருக்கணும்.

அடேங்கப்பா! இருபது கோழி விலைக்கு ஒரு மாடு! அதுக்கு என்ன வியாதியோ, பாவம். எந்தச் சந்தைன்னு சொல்லியிருந்தா நானும் என் வீட்டுக்காரரும் அப்பவே வண்டி பிடிச்சிருப்போம்.

சரி, கணக்குதானே. நூறும் கோழியாவே வாங்கினா அம்பது காசு ஆகும், கையில அம்பது மிச்சம். ஒரு கோழிக்குப் பதிலா மாடு பிடிச்சா ஒன்பதரை கூட, ஆடு பிடிச்சா ரெண்டரை கூட. அஞ்சு மாட்டுக்கு நாப்பத்தேழரை போச்சு. மீதி ரெண்டரைக்கு ஒரு ஆடு. பாக்கி தொண்ணூத்தி நாலும் கோழி. எழுதிட்டு நிமிர்ந்தா, மச்சான் எக்ஸ், ஒய்னு போட்டு ரெண்டு பக்கத்தை ரொப்பி, வேர்த்துக் கொட்டிக்கிட்டு இருந்தாரு.

அதோட பேனாவை மூடியிருக்கணும். மூடினேனா? சொன்ன விலையைச் சொன்னபடி கொடுத்தா எனக்கு உடம்பே ஒப்பாது. கீழே எழுதினேன்: 'மொத்தமா எடுக்கிறதால பேசி எண்பத்தெட்டுக்கு முடிச்சாச்சு. மீதி பன்னெண்டு காசு ஆபீஸ்ல கட்டியாச்சு.'

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டாரு. "உங்க விடை தப்பும்மா. நூறு காசுக்கு வாங்கணும்னு இருக்கு. நீங்க எண்பத்தெட்டுக்குத்தான் வாங்கியிருக்கீங்க."

"மிச்சம் பிடிச்சிருக்கேன் சார்!"

"மிச்சம் பிடிக்கச் சொல்லி கேள்வியில எங்கம்மா இருக்கு?"

மச்சான் பாஸ். விடை அதேதான், நான் எழுதின அதே அஞ்சு, ஒண்ணு, தொண்ணூத்தி நாலு. எனக்கு வந்த ஆத்திரத்துல அந்தப் பேப்பரைத் தீவனத்தோட கலந்து மேனேஜருக்கே ஊட்டிவிட்டிருப்பேன். பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். பஸ்ல ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்து அழுதேன்.

விஷயம் சந்தைக்கு எட்ட ரெண்டு நாள் ஆகலை. எங்கிட்டப் பேரம் பேசிப் பேசியே தலை நரைச்ச ஆட்டு வியாபாரி வீடு தேடி வந்தாரு. "இத்தனை வருஷம் எதிர்ல நின்னு என் வயித்துல அடிச்சது போதும் தாயே. என் பக்கம் வந்துடு. மாசச் சம்பளம் தர்றேன்." அவர் பரீட்சையெல்லாம் வைக்கலை.

அடுத்த சந்தையில முதல் ஆளா மச்சான் வந்தாரு. இருபது ஆட்டைக் காட்டி விலை கேட்டாரு. சந்தை வழக்கப்படி, குறைச்சுக் கேக்கட்டும்னு ஒண்ணுக்கு ரெண்டா சொன்னேன். அவர் பையைத் திறந்து நோட்டை எண்ண ஆரம்பிச்சிட்டாரு.

எனக்கு மனசு கேக்கலை. "தம்பி, ஒரு பேச்சுக்காவது குறைச்சுக் கேளுங்க."

"எதுக்குக்கா? அதான் பட்ஜெட் இருக்கே."

என் புது முதலாளி பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தாரு. பதினாலு வருஷமா நான் வாய் வலிக்கப் பேசிக் காப்பாத்தின காசு, கட்டுக்கட்டா என் கைக்கே வந்துச்சு. வாங்கி எண்ணி, சரியா இருக்குன்னு தலையாட்டினேன்.