கும்பத்துக்கு ஒரு வணக்கம்

பார்வதம் இறந்த மூன்றாம் நாள், அவள் சாம்பலைக் கடலில் கரைக்க மாமல்லபுரம் போனேன். உச்சிவேளைக்குள் கரைத்துவிட வேண்டும். அன்று பார்த்துக் கரை முழுவதும் தடுப்பு. வணிகத்துக்கும் கடற்காவலுக்கும் ஒப்பந்தம் போட நம் நாட்டுத் தலைவரும் ஒரு வெளிநாட்டுத் தலைவரும் வருகிறார்களாம். கடல் மூட்டத்தில் இரு நாட்டுக் கப்பல்களும் தண்ணீரைத் தொடாமல் மிதப்பதுபோல் நின்றன.

"பானையில இன்னா சார்?" என்றார் காவலர்.

"என் மனைவி."

அவர் தொப்பியைக் கழற்றினார். "நான் வுட்டுடுவேன் சார். ஆனா அவங்க நாட்டு ஆளும் பாத்து சரின்னாதான் உள்ள போவ முடியும். அப்டிதான் பேசி வெச்சிகீறாங்க."

வெளிநாட்டு அதிகாரி வந்தார். சுமங்கலியாகப் போனவள் என்று பானைக்கு மஞ்சள் துணி கட்டி, குங்குமமிட்டு, மல்லிகை சுற்றியிருந்தோம். சாலை முனையில் தலைவர்களை வரவேற்கப் பெண்கள் பூரண கும்பத்துடன் காத்திருந்தார்கள். இதுவும் அதுதான் என்று எண்ணி அவர் முகம் மலர்ந்தது. சோதனைக் கருவியால் பானையைத் தடவிப் பார்த்துவிட்டு, கைகூப்பிக் குனிந்தார்.

"ஐயய்யோ, வரவேற்புக் கும்பம்னு நெனச்சிகினாரு! சொல்லட்டா சார்?"

"வேண்டாம்" என்றேன். விருந்தாளி வந்தால் பார்வதத்துக்குக் கால் தரையில் நிற்காது.

இடுப்பளவு நீரில் பானையைக் கவிழ்த்தேன். சாம்பல் புகைபோல் விரிந்து, அந்தக் கப்பல்களை நோக்கி மெல்லப் போனது. அவளே எழுந்து வாசலுக்குப் போவதுபோல் இருந்தது.

கரைத்தபின் கடலைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் கரையேறியபோது அந்த அதிகாரி எனக்குப் பின்னால் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. கைகள் மறுபடி கூப்பியிருந்தன. எனக்கும் சேர்த்து அவர் பார்க்கட்டும் என்று திரும்பாமல் நடந்தேன்.