ரத்தம் சொல்லாத நோவு

"என்ன ஜீவராணி, ரத்தத்துல ஒன்னுமே இல்லையாமே!"

தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் போடும் காலைப் பெரட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி கங்காணி சோலைமலை கேட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கூடையை அவன் தலையிலேயே கவிழ்த்திருப்பேன்.

ஒரு வருடமாக இதே பாடுதான். விடியும்போது முதுகு பலகையாய் விறைத்துக் கிடக்கும். சுவரைப் பிடித்து எழும்பி நிமிர ஒரு மணி நேரம் ஆகும். பெரட்டுக்குப் பிந்திப் போனால் வேலைக்குப் பேர் போட மாட்டார்கள். எப்படியாவது மலைக்கு ஏறிவிட்டாலோ, பத்து மணிக்கெல்லாம் வலி விட்டுவிடும். கொழுந்து பறிக்கிற வேகத்தைப் பார்த்துவிட்டு, "வருத்தமாவது ஒன்னாவது, எல்லாம் நடிப்பு" என்றது தோட்டம். இருபத்தாறு வயதில் கிழவி மாதிரி நடிக்க எனக்கென்ன பைத்தியமா?

பெரிய ஆஸ்பத்திரியில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்று இரண்டு ரத்தப் பரிசோதனைகள் எழுதித் தந்தார்கள். உடம்புக்குள் அழற்சி இருந்தால் அந்த அளவுகள் கூடுமாம். இரண்டும் கூடவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நான் ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அப்புறம்தான் என் பிழையும் விளங்கியது. லயத்து வீட்டிலிருந்து இரண்டு மைல் இறங்கி நடந்து, தலவாக்கலை பஸ்ஸில் நின்றபடியே போய், அந்த நடையிலேயே விறைப்பு விட்டுப்போய், டொக்டர் முன்னால் விறுவிறுவென்று நடந்து காட்டியிருக்கிறேன். யார் நம்புவார்கள்?

அடுத்த கிளினிக்கில், போனதும் பெஞ்சில் உட்கார்ந்தேன். அசையவே இல்லை. ஒரு மணி நேரத்தில் இடுப்பு கடுக்கத் தொடங்கியது. கூட வந்த நாத்தனார் வினோதாவுக்குப் பொறுக்கவில்லை.

"கொஞ்சம் எந்திரிச்சு நடங்க அண்ணி, நல்லாயிரும்."

"நல்லாயிரக் கூடாதுடி! பேசாம இரு."

மூன்று மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

என் நம்பரைக் கூப்பிட்டபோது எழும்ப முடியவில்லை. புதிதாக வந்திருந்த டொக்டர் சிவதர்சினி, யாழ்ப்பாணத்துக்காரர், கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். தொடையில் கையை ஊன்றி, வளைந்தபடியே நான் கொஞ்சம் கொஞ்சமாக எழும்புவதை முழுதாகப் பார்த்தார்.

"கனநேரம் இருந்தா இப்பிடியோ? நடந்தாக் குறையுமோ?" என்று கேட்டார்.

"ஆமாங்க டொக்டர். அதனாலதான் ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க. ரத்தத்துலயும் ஒன்னும் இல்லைன்னுட்டாங்க."

"இந்த வருத்தக்காரர் கனபேருக்கு அந்த ரெண்டும் சரியாத்தான் இருக்கும். முள்ளந்தண்டு வாதம் போலத்தான் கிடக்கு. எச்.எல்.ஏ. பி27 எண்டு இன்னொரு ரத்தப் பரிசோதனை செய்வம். அதை மட்டும் வச்சும் முடிவு சொல்லேலாது, இடுப்பு மூட்டையும் ஸ்கேன் பண்ணிப் பாப்பம்."

ஒரு வருடத்தில் முதல் தடவையாக ஓர் ஆள் என்னை நம்பியிருக்கிறார்.

அவர் பேனாவை எடுத்தார். "காலமை வேலைக்குப் பிந்தி வர விடச்சொல்லித் தோட்டத்துக்கும் ஒரு கடிதம் தாறன். எழுதி முடியுமட்டும் அந்தக் கதிரையில இருங்கோ."

"மன்னிச்சிருங்க டொக்டர், நீங்க நம்பணும்னுதான் இம்புட்டு நேரம் உக்காந்தேன். இனி என்னால ஏலாது" என்று சொல்லிவிட்டு, அந்தச் சின்ன அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடக்கத் தொடங்கினேன்.