மேஷத்துக்கு எலி

வெள்ளிக்கிழமை முழுக்க அவர் வாசல் கதவைச் சாத்தவில்லை. தெருநாய் ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. தண்ணீர் கேன் போடுகிறவர் திறந்த கதவைப் பார்த்து, யாராவது வருகிறார்களா என்று கேட்டார். மனைவி கேட்டபோது, காற்று வரட்டும் என்று அவர் சொன்னார். காற்று வரவில்லை. மகளும் வரவில்லை.

மறுநாள் மதிய விமானத்தில் மகள் போகிறாள். அவள் கணவனுக்கு வெகுதூரத்தில் ஏதோ ஒரு நாட்டில் வேலை. எப்போது திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது என்று மனைவி சொல்லியிருந்தாள். போவதற்குள் ஒரு தரம், ஒரே ஒரு தரம், அவள் இந்த வீட்டுக்குள் வந்துவிட்டுப் போக வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை வாய் திறந்து சொல்ல அவரால் முடியவில்லை. அதனால் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்லியிருந்தார்.

அவர் ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்துபவர். ராசிபலன் எழுதிவந்த ஜோசியர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனதும், ஆசிரியர் அந்த வேலையை இவர் தலையில் கட்டினார். உனக்குத்தான் அவர் நடை அத்துப்படியாச்சே, நாலு வரி தட்டிவிடு, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்றார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அலுவலகத்தில் அவருக்கு ஜோசியர் என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஆசிரியருக்கு ஒரு விதி உண்டு. பன்னிரண்டு ராசியில் ஒன்றாவது வாராவாரம் திட்டு வாங்க வேண்டும். "எல்லாருக்கும் நல்லதே சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்யா. ஒருத்தனைப் போட்டு மிதி. மத்தவன் சந்தோஷமா காசு குடுத்து வாங்குவான்." யாரை மிதிப்பது என்று இவர் யோசித்தார். தான் மகரம். மனைவி ரிஷபம். மகள் அனுஷத்தில் பிறந்தவள், விருச்சிகம். ஆசிரியர் சிம்மம், அதில் கைவைக்க முடியாது. பக்கம் வடிவமைக்கிற பெண் கும்பம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் மேஷத்தில் அவருக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. கெட்டதையெல்லாம் அங்கே கொட்டினார். வேலை போகும், உறவு கசக்கும், போன இடத்தில் மதிப்பு இருக்காது. ஊர் பேர் தெரியாத மேஷக்காரர்கள் வாராவாரம் அடி வாங்கினார்கள்.

மகள் வீட்டை விட்டுப் போனது அதற்குச் சற்று முன்னால். தான் கட்டிக்கொள்ளப் போகிறவனைப் பற்றி அவள் சொன்ன அன்று அவருக்குக் கோபம் வரவில்லை. அதை இன்றுவரை யாரும் நம்புவதில்லை. சொல்ல வேண்டியவை ஒரே சமயத்தில் தொண்டைக்கு வந்து நெருக்கிக்கொண்டன. ஒழுங்குபடுத்திக்கொண்டு பேசலாம் என்று இருந்தார். ஒரு நாள் போனது. ஒரு வாரம் போனது. சாப்பாட்டு மேசையில் தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு அவருடைய நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். பையின் வார் அறுந்து ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருப்பதை அவர் பார்த்தார். அதைத் தைத்துக்கொண்டு போகச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் போய்விட்டாள்.

சில மாதம் கழித்து மனைவி ஒரு செய்தி சொன்னாள். மகள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரயில் நிலையக் கடையில் பத்திரிகையை வாங்கி, முதலில் அவருடைய ராசிபலனைத்தான் படிக்கிறாளாம். அன்று இரவு அவருக்கு நல்ல தூக்கம் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து விருச்சிகத்தின் நாலு வரி மகளுக்கென்றே ஆனது. மழைக்காலத்தில் தலையைத் துவட்டாமல் இருக்க வேண்டாம் என்று எழுதினார். வீட்டில் உங்களை நினைக்காத நாள் இல்லை என்று எழுதினார். மற்ற பதினொன்றை அரை மணியில் முடித்துவிட்டு இந்த நாலு வரிக்கு ஒரு நாள் எடுத்துக்கொண்டார். ஒரு தரம் மனைவி, உங்கள் ராசிபலனைப் படித்துவிட்டு அழுகிறாளாம் என்றாள். அவர் தலையாட்டினார். போய்ச் சேருகிறது, மனசு இளகுகிறது என்று எடுத்துக்கொண்டார்.

இந்த வாரம் ஆசிரியருக்குப் புது யோசனை வந்திருந்தது. ராசிக்கு ஒரு கொல்லைப்புற உயிர். சிங்கம், தேள், ஆடு எல்லாம் சலித்துவிட்டது, வீட்டுக்குப் பின்னால் ஓடுவது ஊர்வது பறப்பதாகப் பார்த்து ஆளுக்கு ஒன்று பிரித்துக்கொடு என்றார். இரண்டு பக்கம், வண்ணத்தில்.

இவர் வீட்டுக்கு வந்து பின்கதவருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். துணி துவைக்கும் கல், முருங்கை மரம், உடைந்த சிமெண்டுத் தொட்டி, மதில். நெடுநேரம் ஒன்றும் அசையவில்லை. அப்படி உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடித்த விஷயம்தான். பிறகு ஒவ்வொன்றாக வந்தன. மதில்மேல் காலை நீட்டிப் படுத்திருந்த பக்கத்து வீட்டுப் பூனையை ஆசிரியருக்காகச் சிம்மத்தில் வைத்தார். தொட்டியின் ஓரமாக, முதுகில் வீட்டைத் தூக்கிக்கொண்டு முனகாமல் ஏறிக்கொண்டிருந்த நத்தையைப் பார்த்ததும் ரிஷபத்துக்கு அதுதான் என்று தோன்றியது. மனைவியிடம் சொல்லவில்லை. எறும்பு கன்னிக்கு. சத்தம் போடும் தவளை கடகத்துக்கு. தனக்கு மண்புழுவை எடுத்துக்கொண்டார். வெட்டினாலும் குரல் வராத உயிர்.

விருச்சிகத்துக்குக் குருவி. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மாலைவரை எழுதி எழுதி அடித்து, கடைசியில் இப்படி எழுதினார்: 'விருச்சிகக்காரர்கள் குருவி. பறந்துபோன குருவிமேல் மரத்துக்குக் கோபம் கிடையாது. தூரப் பயணத்துக்கு முன் பிறந்த வீட்டை ஒரு முறை எட்டிப் பாருங்கள். கதவு திறந்திருக்கும்.'

மேஷத்துக்கு மிஞ்சியது எலி. அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. 'மேஷக்காரர்கள் எலி. சுவரைக் கடித்துக்கொண்டு வெளியே போன எலிக்காக வீட்டில் யாரும் அழுவதில்லை. ஓட்டையை அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். உறவினர் வீட்டுப் பக்கம் போக வேண்டாம்.' ஆசிரியர் இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். வடிவமைக்கிற பெண் எலியை நல்ல பெரிதாக, வால் அடுத்த பத்திவரை நீளும்படி வைத்தாள்.

சனிக்கிழமை காலையிலும் கதவு திறந்தே இருந்தது. மனைவி அலமாரித் தட்டில் விரிப்பதற்குப் பழைய தாள் தேடிக்கொண்டிருந்தாள். அவருடைய எழுத்தை அவள் படிப்பதில்லை. உங்கள் புளுகை வீட்டிலேயே கேட்கிறேனே, அச்சிலும் எதற்கு என்பாள். கையில் கிடைத்தது நேற்று வந்த இதழ். படங்கள் இருந்ததால் புரட்டினாள். புரட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மேஷத்துக்கு என்ன இப்படி எழுதியிருக்கீங்க?"

யாருக்காவது எழுத வேண்டுமே என்றார்.

"அவ மேஷம்தானே பாக்கறா."

அவருக்குப் புரியவில்லை. அவள் விருச்சிகம் அல்லவா என்றார், சிறு குழந்தைக்குச் சொல்வதுபோல. மனைவி பத்திரிகையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, தலைப்பின் கீழே இருந்த வரியில் விரலை வைத்தாள். பிறந்த தேதிப்படி உங்கள் ராசியைப் பாருங்கள். கீழே பன்னிரண்டு ராசிக்கும் தேதிகள். நட்சத்திரம் தெரியாத வாசகர்களும் வாங்க வேண்டும் என்று ஆசிரியர் கேட்டு, இவரே எழுதிக்கொடுத்தது. வாராவாரம் இவரே பிழை பார்த்தது. மேஷத்துக்கு நேரே, மார்ச் கடைசி முதல் ஏப்ரல் நடு வரை. மகள் பிறந்தது ஏப்ரல் பத்து.

அனுஷம் என்பது அவருக்கும் மனைவிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மகளிடம் யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகளோடு தேதி பார்த்து, தான் மேஷம் என்று தெரிந்துகொண்டவள் அவள்.

"அப்பா இன்னும் என்னைத் திட்டிக்கிட்டேதான் இருக்கார்னு சொல்வா. நீங்க எங்க பேசினீங்க திட்டறதுக்கு, ஏதோ மனப்பிரமைன்னு நான்தான் அவளை அடக்குவேன்." மனைவி முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "மூணு வருஷம். மனுஷன் ஒரு ஃபோனைப் போட்டுப் பேசியிருக்கலாம்."

மேஷத்தில் அவர் கொட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பெற்றவர்களின் ஆசி கிடைக்காத காலம் என்று ஒரு வாரம் எழுதியிருந்தார். அவளுடைய பிறந்தநாள் வாரம் அது. வீட்டில் உங்கள் இடத்தில் வேறு ஒருவர் என்று இன்னொரு வாரம். இடம் நிரப்புவதற்காக எழுதியது. எந்த வாரம் படித்து அவள் அழுதாள் என்று கணக்குப் பார்க்கப் போனார், மனசு வேண்டாம் என்று திரும்பிக்கொண்டது.

ஃபோனைக் கையில் எடுத்தார். மனைவி எண்ணைச் சொன்னாள். பாதி அழுத்திவிட்டுக் கீழே வைத்தார். குரல் இல்லாமல் மூச்சு மட்டும் அந்தப் பக்கம் கேட்டால் அவள் என்ன நினைப்பாள்?

சட்டையை மாட்டிக்கொண்டார். மனைவியும் வருவாள் என்று வாசலில் நின்றார். அவள் அசையவில்லை.

"நான் நேத்தே பாத்துட்டு வந்துட்டேன். நீங்க தனியாப் போங்க. நான் வந்தா நானே பேசிடுவேன்."

பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. நடுவில் இறங்கி ஆட்டோ பிடித்தார். மனைவி சொன்ன அடையாளம், ரயில் நிலையத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில், மூன்றாவது மாடி. ஏறும்போது என்ன சொல்வது என்று ஒழுங்குபடுத்திக்கொள்ளப் பார்த்தார். மூன்றாவது மாடி வந்தபோது முதல் வரிகூட அமையவில்லை.

கதவைத் திறந்தவன் மாப்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். அவர் அவனை முதல் தடவையாகப் பார்க்கிறார். அவன் ஒரு கணம் திகைத்து, "வாங்க மாமா" என்று ஒதுங்கி நின்றான். உள்ளே நாற்காலி எதுவும் இல்லை. எல்லாவற்றையும் யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார்கள். மகள் பெட்டியின் மேல் முழங்காலை வைத்து அழுத்தி ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ஜன்னல் விளிம்பில் பத்திரிகை அந்தப் பக்கத்தோடு விரிந்து கிடந்தது.

அவர் பேசத் தொடங்கினார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் வந்ததெல்லாம் விளக்கம். தேதிப்படி பார்ப்பது சூரியன் நிற்கிற இடம், நம் கணக்கு சந்திரன் நிற்கிற இடம், இரண்டும் வேறு, உன் நட்சத்திரம் அனுஷம், அனுஷம் என்றால் விருச்சிகம், நீ எலி இல்லை, குருவி. வியர்க்க வியர்க்கச் சொன்னார். பாதியில் தான் பேசுவது எவ்வளவு கிறுக்குத்தனமாக இருக்கிறது என்று தெரிந்தது. நிறுத்த முடியவில்லை.

மகள் பத்திரிகையை எடுத்தாள். விருச்சிகத்தை இப்போதுதான் படிக்கிறாள் என்பது அவள் கண் நகர்வதிலிருந்தே தெரிந்தது. படித்து முடித்து மறுபடியும் மேலே போனாள்.

"எலியும் நீங்க எழுதினதுதானேப்பா?"

ஆமாம் என்றார்.

"மேஷத்துல இருக்கற வேற யாரோ ஒரு பொண்ணு இதைப் படிச்சிருப்பா இல்ல?"

மாப்பிள்ளை சுவரைப் பார்த்து நின்றான். அவனுடைய ஃபோன் அடித்தது. வண்டி கீழே வந்துவிட்டது.

"வீட்டுக்கு வாம்மா" என்றார் அவர்.

"இப்ப எப்படிப்பா வர முடியும்?"

"தெரியும். வர முடியாதுன்னு தெரியும். வீட்டுக்கு வா."

அவள் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். அவர் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் இறங்கினார். கனமான பெட்டி, படிக்குப் படி முட்டியில் இடித்தது. இறங்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், அவளுக்கென்று எழுதியவற்றை முதல் வாரத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். "வெளியில சாப்பிடறவங்க காலையில வெறும் வயித்தோட கிளம்ப வேண்டாம். அது முதல் வாரம். அடுத்த வாரம், பழைய செருப்பைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வாங்கிக்கலாம், நல்ல காலம்னு போட்டேன். உன்னோடது தேஞ்சிருந்தது. அப்பறம் மழை வந்தது. தலையை நல்லாத் துவட்டணும்னு எழுதினேன்." பின்னால் அவள் காலடி கேட்டது. சில சமயம் நின்றது. அப்போது அவரும் நின்று, அது தொடங்கியதும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்.

கீழே வெயில். மாப்பிள்ளை அவரிடமிருந்து பெட்டியை வாங்கி வண்டியின் பின்னால் வைத்தான். மகள் கதவைத் திறந்து, ஒரு கையை அதன்மேல் போட்டு, ஏறாமல் நின்றாள். ஓட்டுநர், நேரமாகிறது என்றார். யாரும் ஓட்டுநரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்கள் கையால் ஆக்கிய குழம்பை வீட்டில் ஒருவர் நினைத்துக்கொள்வார்னு ஒரு வாரம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வாய் உலர்ந்துபோயிருந்தது. "அது நான்தான். அதுக்கு அடுத்த வாரம்..."

ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார். முதல் வருஷமே இன்னும் முடியவில்லை. அவர் குரலை உயர்த்தினார்.