பார்க்கிற அருவி

தோல் பட்டறை தொடங்கிப் பத்து வருஷம் நிறைந்ததற்காக, எல்லோரையும் குடும்பத்தோடு ஜோக் அருவிக்கு அழைத்துப் போவதாக முதலாளி வானமாமலை சொன்னபோது, பம்பாய் தாராவியில் அவர்கள் குடியிருந்த சந்திலேயே அதிகம் மகிழ்ந்தவள் இசக்கியம்மாள்தான். அவள் பிறந்தது குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலஞ்சி. அருவி என்றால் சந்துப் பெண்கள் அவளிடம்தான் கேட்பார்கள்.

பஸ் புறப்பட்ட காலையிலேயே அந்த மகிழ்ச்சி போய்விட்டது. முன் சன்னலோரத்து இருக்கையில் கனகவள்ளி உட்கார்ந்திருந்தாள்.

கனகவள்ளியின் கணவன் காசிராஜன் ஆறு மாதத்துக்கு முன்புதான் மேஸ்திரி ஆனான். இசக்கியின் கணவன் பிச்சை அவனுக்கு நாலு வருஷம் முன்பே பட்டறையில் சேர்ந்தவன். இன்னமும் தோல் பைகளுக்கு வார் தைத்துக்கொண்டிருந்தான். பிச்சைக்கு அதில் வருத்தமில்லை. அவனுக்கு வருத்தமில்லை என்பதே இசக்கிக்குப் பெரிய வருத்தம்.

"மேஸ்திரி பொண்டாட்டின்னா முன்னாலதான் இருப்பாளோ?" என்றாள்.

"எங்க இருந்தா என்னட்டி? எல்லா சீட்டும் ஜோக்குக்குத்தான் போவுது" என்றான் பிச்சை. எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டான்.

இரண்டு நாள் பயணம். புனாவும் கோலாப்பூரும் கடந்து போயின. இசக்கி பார்த்ததெல்லாம் கனகவள்ளியின் பின்னலைத்தான். அதில் மாதுங்காவில் வாங்கிய கனகாம்பரம். காசிராஜன் யாரிடமோ இரவல் வாங்கிய பெட்டிக் காமிராவைத் தோளில் மாட்டியிருந்தான். கனகவள்ளி முறுக்கு டப்பாவைத் திறந்ததும் முதலில் எழுந்து பின்னால் வந்து இசக்கியிடம் நீட்டினாள்.

"எடுத்துக்கிடுங்க மதினி."

"பசிக்கல" என்றாள் இசக்கி. நல்ல பசி.

ஹூப்ளி தாண்டி டீக்கு நிறுத்தினார்கள். டிரைவர் முகம்மது ஹனீப் காயல்பட்டினத்துக்காரர். அந்த வழியில் பலமுறை லாரி ஓட்டியவர். இசக்கி அவரிடம் போய், "ஜோக்குல தண்ணி ரொம்ப வேகமா விழுமோ?" என்று கேட்டாள்.

ஹனீப் சிரித்தார். "குளிக்கலாம்னு நெனச்சியளா? அது பாக்குற அருவி, அக்கா. எண்ணூறு அடி. இந்தக் கரையில நின்னு பாத்துட்டு வந்துர வேண்டியதுதான்."

இசக்கிக்கு ஏமாற்றமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று இரவு சாகர் ஊரில் ஒரு சத்திரத்தில் தங்கினார்கள். விடிந்ததும் இசக்கி கிணற்றடியில் குளித்து, தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டாள். அப்போது கனகவள்ளி எண்ணெய்ப் புட்டியோடு வந்து நின்றாள். அவளுக்கு உடன்குடிப் பக்கம், செம்மணல் தேரிக்காடு. அருவியையே கண்டதில்லை.

"அருவியில குளிக்கதுக்கு எண்ணெ தேச்சுட்டுத்தான் போவணும்னு அன்னைக்குச் சொன்னீகள்லா? நீங்களே தேச்சு விடுங்க மதினி. ஆமா, நீங்க கெணத்துலயே குளிச்சிட்டியளோ?"

"எனக்குத் தடுமம் பிடிச்சு மூக்கு ஒழுகுது. அருவித் தண்ணி ஆவாது" என்றாள் இசக்கி.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை. புட்டியைக் கவிழ்த்து உள்ளங்கை நிறைய எண்ணெய் எடுத்தாள். உச்சி, பிடரி, காது மடல் என்று வழிய வழியத் தேய்த்தாள். மனதில் பொறாமை வந்து புகுவதை நம்மால் தடுக்க முடிவதில்லை. அது கைக்கு இறங்காமல் காத்துக்கொள்வதுதான் நம்மால் ஆகிற காரியம். அன்று காலை இசக்கி அதைக் காத்துக்கொள்ளவில்லை.

ஜோக்கில் பஸ் நின்றது. எல்லோரும் கம்பித் தடுப்பருகே ஓடினார்கள். பெரிய பள்ளத்துக்கு அப்பால், மலையின் விளிம்பிலிருந்து நாலு இடத்தில் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. விழுந்து சேரும் இடம் தெரியவில்லை. அங்கிருந்து புகைதான் எழும்பியது. முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கனகவள்ளி மட்டும் மாற்றுச் சேலையையும் சீயக்காய்ப் பொட்டலத்தையும் அணைத்துக்கொண்டு, "குளிக்கதுக்கு எந்த வழியா எறங்கணும்?" என்று கேட்டாள்.

தோல் வெட்டுகிற பூலோகம்தான் முதலில் சிரித்தான். "மேஸ்திரி வீட்டம்மாவுக்குக் குளிக்கணுமாம்! ஏ, யாராவது அருவியக் கொஞ்சம் இங்கிட்டு நவுத்துங்கப்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். எண்ணெய் அவள் நெற்றியில் இறங்கி, குங்குமத்தைக் கரைத்து மூக்கில் வழிந்தது. காசிராஜன் காமிராவைக் கீழே இறக்கினான். "இந்தக் கோலத்துல எப்படிப் போட்டோ எடுக்க? எவ சொன்னா ஒனக்குக் குளிக்கலாம்னு?"

கனகவள்ளி இசக்கியை ஒரு கணம் பார்த்தாள்.

"யாரும் சொல்லல. நானா நெனச்சுக்கிட்டேன்" என்றாள். பிறகு பஸ்ஸுக்குப் பின்னால் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

இசக்கி எதிர்பார்த்திருந்த காட்சி இதுதான். நடந்தபோது அதில் ஒரு ருசியும் இல்லை. அவள் மெல்ல பஸ்ஸுக்குப் பின்னால் போனாள்.

"என் பேரை ஏன்ட்டி சொல்லல?"

"சொன்னா ஒங்களையும்லா சிரிப்பாக? அருவி ஊர்க்காரிக்கே தெரியலன்னு பூலோகம் அண்ணன் தாராவி வரைக்கும் சொல்லிச் சிரிப்பாரு. பாவம், ஒங்களுக்கு மட்டும் என்ன தெரியும்?"

இலஞ்சிக் குமாரா என்று இசக்கி ஊர் முருகனை வாய்க்குள் கூப்பிட்டுக்கொண்டாள். தனக்குத் தெரியாது என்ற அந்தப் பொய்க்குள் பத்திரமாக இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"எனக்குத் தெரியும் வள்ளி" என்றாள். "அனீபு அண்ணன் நேத்தே சொல்லிட்டாரு. தெரிஞ்சேதான் தேச்சு விட்டேன்."

கனகவள்ளி நிமிர்ந்தாள். "ஏன் மதினி?"

"நீ முன்னால இருந்தே. எனக்குப் பொறுக்கல."

கனகவள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எண்ணெய்தான் இன்னும் பரவியது.

"முறுக்கு வேண்டாம்னீகள்லா, அப்பவே எம்மேல ஏதோ கோவம்னு தெரிஞ்சுது. காலையில எண்ணெ தேச்சு விட்டதும், கோவம் போயிட்டுன்னு சந்தோசமா இருந்தேன்."

இசக்கி அவள் கையைப் பிடித்து எழுப்பி, நேரே பக்கத்திலிருந்த பயணிகள் பங்களாவின் சமையற்கட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த காவற்காரனுக்குத் தமிழ் தெரியாது. "பாயீ, பானி" என்று இந்தியில் தண்ணீர் கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் வாளியைக் கொடுத்துக் குழாயைக் காட்டினான். அவள் பின்னால் தலைகுனிந்து நின்ற பெண்ணைப் பார்த்துவிட்டு, அடுப்பில் இருந்த வெந்நீரையும் தூக்கிவந்து வாளியில் ஊற்றினான்.

"இன்னும் முக்கா மணி நேரந்தான்! எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க!" என்று முதலாளியின் குரல் கேட்டது.

"நீங்க போய்ப் பாருங்க மதினி. இம்புட்டுத் தூரம் வந்துட்டு..."

"நீ குனி" என்றாள் இசக்கி.

சீயக்காயைக் குழைத்து, பிடரியிலிருந்து தொடங்கித் தேய்த்தாள். நாலாவது வாளிக்குத்தான் எண்ணெய் விட்டது. மன்னித்தேன் என்று கனகவள்ளி சொல்லவில்லை. மன்னித்துவிடு என்று கேட்க இசக்கிக்கும் வாய் வரவில்லை. செம்பில் தண்ணீரை மொண்டு, ஊற்றாமல் அப்படியே நின்றாள்.

"ஏன் நின்னுட்டீக மதினி?" என்றாள் கனகவள்ளி, குனிந்தபடியே. "ஊத்துங்க. கண்ணு எரியுதுல்லா."